என் அக்காவின் பெயரில் நான்

1

ஜூன் ஒன்றாம் தேதி எனக்குப் பிறந்தநாள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அன்றைக்குத்தான் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கனடாவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். பனிக்காலத்தில் இருபது பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிடுவது, மூக்கைத் துடைத்துவிடுவது, அம்மாவைத் தேடி அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. மாரீஸ்வரி என்ற என் பெயரை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே 'மேரி' ஆக்கிவிட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை எந்தச் சர்ச்சுக்குப் போவாய்?" என்று ஒருத்தி கேட்டாள். மாரியம்மன் கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? சிரித்து மழுப்பிவிட்டேன்.

இந்த ஜூன் ஒன்றிலும் காலை மணி அடிப்பதற்கு முன் ஆசிரியர் அறையில் கேக் வைத்தார்கள். "உன் வயதுக்கு நீ ரொம்ப இளமை, மேரி" என்றார் தலைமையாசிரியை. இருக்காதா பின்னே, காகிதத்தில் இருக்கும் வயதைவிட எனக்கு ஒன்றரை வயது குறைவு. கத்தியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. அக்கா.

அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவாள். மற்ற நாளெல்லாம் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் இருப்பாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். வேலை நாளில் அக்கா கூப்பிட்டால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வெளியே ஓடிப்போய் எடுத்தேன்.

"ஏட்டி பேச்சி, பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து தபால் வந்திருக்குடி. நான் ஏற்கெனவே ஒரு பாஸ்போர்ட்டு வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேனாம்ல. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லலைன்னா கேஸ் போடுவாகளாம். நான் எங்கட்டி பாஸ்போர்ட்டக் கண்டேன்?"

அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கியவள் நான்.

விஷயத்தை இப்போதே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். மாரீஸ்வரி என் அக்காவின் பெயர். என் பெயர் பேச்சியம்மாள். அக்கா பெயரில்தான் பள்ளியில் படித்தேன், கல்லூரிக்குப் போனேன், கல்யாணம் பண்ணினேன், விமானம் ஏறினேன், கனடாக் குடியுரிமைக்குச் சத்தியம் செய்தேன். அக்கா பாவம், தன் சொந்தப் பெயரையும் தன் சொந்தப் பிறந்த தேதியையும் போட்டு, என்னைப் பார்க்க வருவதற்காக வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். கள்ளி என்று அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே போய்க் கேக்கை வெட்டினேன். எல்லாரும் பாடினார்கள்.

2

விருதுநகரில் ரயில் நிலையத்துக்கும் வத்தல் கிட்டங்கிகளுக்கும் நடுவில் எங்கள் தெரு. கிட்டங்கி என்றால் சரக்கை அடுக்கிவைக்கும் பெரிய கொட்டடி. எங்கள் தெருக் கிட்டங்கிகளில் மிளகாய் வத்தல்தான் சரக்கு. மழை பொய்த்து வயல் வேலை அற்றுப்போனதும் கிராமத்தை விட்டுக் கிளம்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். அம்மா விடியும் முன் ஆபீஸ் வண்டி ஏறி, சிவகாசிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிவிட்டுப் பொழுது சாய்ந்து வருவாள்.

தெருக்கோடியில் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்புக்கு மூன்று அறை. மூட்டை இறக்கும் நாளில் நெடி ஜன்னல் வழியாக நேரே வகுப்புக்குள் வந்துவிடும். கனகம் டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெயர் வாசிப்பார். 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்வதற்குள் பாதிப் பிள்ளைகளுக்குத் தும்மல் வந்துவிடும். தும்மினால் அதுவே வருகை. டீச்சர் நிமிர்ந்தும் பார்க்காமல் கோடு போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார்.

அக்கா இரண்டாம் வகுப்பு. பதிவேட்டில் இருபத்து மூன்றாவது பெயர். "இருபத்து மூணு, மாரீஸ்வரி" என்றதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி "உள்ளேன் டீச்சர்" என்பாள். பள்ளியில் சேர்க்காத நான் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எரிச்சலாக இருக்கும். நானும் அப்படிக் கத்த வேண்டும்போல இருக்கும்.

இங்கே எங்கள் பள்ளியில் வருகையைப் பலகைபோல ஒரு கருவியில் விரலால் தட்டிப் பதிகிறார்கள். ஒரு பிள்ளை வராவிட்டால் பத்தாவது நிமிடம் வீட்டுக்குப் போன் போய்விடும். எங்கள் தெருப் பள்ளியில் ஒரு பிள்ளை வராமல் போய் இன்னொரு பிள்ளை அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்தது. யாரும் போன் பண்ணவில்லை. டீச்சரே ஏற்பாடு செய்ததுதான் அது.

3

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. ஆறு மாதம் குனிந்து நிமிரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் வண்டிக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு வீட்டுக்கு வந்தார். "வீட்ல இருந்து ஒரு ஆளு வரணும்ணே. இல்லன்னா ஒங்க எடத்துல அடுத்த வீட்டாளுக ஏறிக்கிடுவாக. பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "பெரியவ படிக்கா. சின்னவ சும்மாதான இருக்கா, அவ வரட்டும்" என்றார்.

சின்னவள் நான். ஆறரை வயது. குச்சி அடுக்கச் சின்ன விரல்தான் தோது என்று ஏஜெண்டுக்கும் சம்மதம். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி வண்டியில் போய் வந்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும், சாப்பிடும்போது சோற்றில் கை வைத்துவிட்டு அழுவாள். அதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் பார்த்திருந்தேன். கண்ணு நோவு வந்த பிள்ளையை ஏஜெண்டு வண்டியில் ஏற்ற மாட்டார். ஒரு பிள்ளைக்கு வந்தால் வண்டி முழுக்க ஒட்டிக்கொள்ளும், ஆபீஸே படுத்துவிடும்.

மறுநாள் விடியும் முன் வண்டி வரும் நேரம். ஒண்ணுக்குப் போகிற சாக்கில் வெளியே வந்தேன். கிட்டங்கி வாசலில் சிந்திக் கிடந்த வத்தலில் ஒரு பிடி அள்ளினேன். உள்ளங்கையில் வைத்து நொறுக்கி இரண்டு கண்ணிலும் தேய்த்துக்கொண்டேன்.

ஐயோ அம்மா! இன்றைக்கு எழுதும்போதும் கண்ணில் நீர் வருகிறது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். போட்ட சத்தத்தில் அக்காதான் முதலில் ஓடிவந்தாள். என்னை வாசலுக்கு இழுத்துப் போய் உட்காரவைத்து, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண் இரண்டும் மூடிக்கொண்டது. அம்மா அவளை ஏசியது மட்டும் காதில் விழுந்தது. நான்கு நாளுக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் அது. இருந்த ஒரே குடத்தையும் கவிழ்த்துவிட்டாள் என்று, உள்ளே வந்தவளுக்குப் படுத்த படுக்கையிலிருந்தே அம்மா எட்டி ஓர் அடி வைத்தாள்.

ஏஜெண்டு டார்ச் அடித்து என் முகத்தைப் பார்த்தார். "ஏயப்பா, கண்ணு நோவு! இத ஏத்துனா என் பொழப்பு நாறிரும். பெரிச அனுப்புங்க" என்றார். அப்பா அக்காவின் தலையைத் தடவி, "இன்னைக்கு ஒரு நாளு போயிட்டு வா தாயி" என்றார். அக்கா வண்டி ஏறினாள். அவளுடைய புத்தகப் பை ஆணியில் தொங்கியது.

அந்த ஒரு நாள் முடியவே இல்லை. கை ஓட்டமான பிள்ளை என்று ஆபீஸில் அவளுக்குப் பேர் வந்துவிட்டது. பிறகு அவளை யார் விடுவார்கள்?

மூன்று வாரம் கழித்துக் கனகம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். "மாரீஸ்வரி பேர நான் இன்னும் அடிக்கல. அடிச்சா எனக்கு ஒரு தலை குறையும், தலை குறைஞ்சா ஒரு டீச்சரத் தூக்கி வேற ஊருக்குப் போட்டுருவாக. சின்னவள அனுப்பி வைங்க. அவ பேருல உக்காரட்டும், பொறவு மாத்திக்கிடுவோம்" என்றார். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி நடந்திருக்கும். வண்டிக்குப் போன பிள்ளையின் இடத்தில் வீட்டில் இருக்கும் பிள்ளை போய் உட்காரும். பெயரை அடிக்காமல் இருப்பதுதான் எல்லாருக்கும் முக்கியம்.

"இருபத்து மூணு, மாரீஸ்வரி."

"உள்ளேன் டீச்சர்" என்று கத்தினேன். அ, ஆ தெரியாமல் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து, அதே வகுப்பில் இரண்டு வருடம் கிடந்தேன். பெயரை யாரும் மாற்றவில்லை. வத்தலைத் தேய்த்துக்கொண்ட கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அக்காவிடம்.

4

அந்தப் பாஸ்போர்ட் நான் வாங்கியதுதான் என்று அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஜூன் முதல் வாரம் முழுக்க அக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். அவள் புருஷன் இறந்து பல வருடம் ஆகிறது, மகன் வெளியூரில். ஒற்றை ஆளாக, ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆதார் கார்டையும் ரேஷன் கார்டையும் வைத்துக்கொண்டு அலைந்தாள். தினமும் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு ஒப்பிப்பாள்.

முதலில் தாலுகா ஆபீஸ். அங்கிருந்த கிளார்க் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாராம். "இந்தா பாரும்மா, ரெண்டு பேரு, ஆனா ஆளு ஒண்ணுதான்னு சர்டிபிகேட் கேட்டா குடுப்போம். பேரு ஒண்ணு, ஆளு ரெண்டுன்னு குடுக்க எங்ககிட்ட ஃபாரமே கெடையாது" என்றாராம். அடுத்து சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். மனுவை வாங்கி, முத்திரை குத்தி, மேல் நடவடிக்கைக்கு அனுப்பினார்கள். எங்கே? அதே தாலுகா ஆபீஸுக்கு.

"அந்தக் கிளார்க்கு என்னயப் பாத்ததும் எந்திரிச்சுட்டாருடி. 'திரும்பவும் வந்துட்டீகளா'ன்னு கேக்காரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாகப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஓடு போய்க் காங்கிரீட் ஆகியிருக்கிறதாம். கிட்டங்கியில் இப்போதும் வத்தல்தான், இப்போதும் தும்மல்தான். இளம் வயதுத் தலைமையாசிரியை ஒருத்தர் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கரையான் பாதியைத் தின்றிருந்தது. எங்கள் பக்கம் தப்பித்துவிட்டது. மாரீஸ்வரி, அப்பா பெயர், ஜூன் ஒன்று. அப்பாவுக்குத் தேதி தெரியாததால் பள்ளிக்கூடம் போட்டுக் கொடுத்த தேதி அது. அதற்கு நேரே, அங்க அடையாளம்: இடது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம்.

அந்த மச்சம் அக்காவுடையது. எனக்குக் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அடையாளம் சரிபார்த்த நாளில் பேனாவால் முழங்கைக்கு மேல் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போய் நின்றவள் நான். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அதே மச்சத்தைத்தான் எழுதினேன்.

"அப்ப நல்லதாப் போச்சு அக்கா! கையக் காட்டு. அது போதும்" என்றேன்.

அக்கா, "எந்தக் கையக் காட்டட்டும்?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில வருடங்களுக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டாசு ஆபீஸில் ஓர் அறை வெடித்தது. அக்கா பக்கத்து அறையில் இருந்தாள். உயிர் பிழைத்தாள். இடது கையில் தோள் முதல் மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கிப் போயிற்று. நான் பணம் அனுப்பினேன், போனில் அழுதேன், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அந்தக் கையில் இன்றைக்கு மச்சத்தை எங்கே தேடுவது?

ஆக, காகிதப்படி மச்சம் உள்ள மாரீஸ்வரி நான். மச்சம் இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த களவாணி என் அக்கா. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் என் மேலேயேதான்.

5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோவில்பட்டிக்காரர். அக்கா என்னைப் பேச்சி என்று கூப்பிடுவதை அவர் இத்தனை வருடமும் செல்லப் பெயர் என்றே நினைத்திருந்தார்.

"அப்ப நான் தாலி கட்டுனது யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான். பேருதான் வேற."

"பேருதான் வேறயா? பத்திரிகைல அடிச்ச பேரு, வீட்டுப் பத்திரத்துல உள்ள பேரு, உன் சம்பளச் சீட்டுல உள்ள பேரு! இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணலியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வக்கீலிடம் நேரம் வாங்கிவந்தார்.

வக்கீல் அம்மா நாங்கள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். குடியுரிமை விண்ணப்பத்தின் நகலைத் திருப்பிக் காட்டினார். 'வேறு பெயர் எதையாவது எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?' என்ற கேள்வி. 'இல்லை' என்ற கட்டத்தில் என் கையாலேயே போட்ட குறி. "இதை யாரும் இப்போது உங்களிடம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நீங்களாகப் போய்ப் பதில் சொன்னால் குடியுரிமையை மறுபரிசீலனை செய்யலாம். போகும் என்று சொல்லவில்லை. போகாது என்றும் என்னால் சொல்ல முடியாது" என்றார்.

காரில் வரும்போது வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே, "பேசாம இரு. மதினிக்கு வேற வழி பாப்போம்" என்றார்.

மகள் கயல் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். அக்காவின் பயண விண்ணப்பங்களை எல்லாம் கணினியில் நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான். பெரியம்மாவை அவள் நேரில் பார்த்தது இரண்டே தடவை. போனில் "பெரியம்மா எப்போ வரும்?" என்று கேட்பாள். 'வருவாங்க' என்று திருத்தித் திருத்தி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அவளிடமும் சொன்னேன்.

"அம்மா, இதுக்குப் பேர் ஃப்ராட்" என்றாள் எடுத்த எடுப்பில்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆறு வயசுப் பிள்ளைக்கு ஃப்ராடு தெரியுமாடி?"

"ஆறு வயசுல இல்லம்மா. நாற்பது வயசுல அந்தக் கட்டத்துல டிக் பண்ணினீங்களே, அது." பிறகு, "பெரியம்மா ஸ்கூலுக்குப் போயிருந்தா என்னவா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

'ஆயிருப்பாங்க' என்று திருத்த வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். தமிழே சரியாக வராத பிள்ளை, கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டாளே என்று இருந்தது.

6

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரு தெளிவு இருந்தது. அதுவே என்னைப் பயமுறுத்தியது.

"ஏட்டி, நான் ஒரு ரோசன பண்ணிட்டேன். நான்தான் பேச்சியம்மான்னு சொல்லிருதேன். அக்கா பேர எடுத்துப் போட்டுட்டேன், எழுதப் படிக்கத் தெரியாது, மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்துருதேன். வயசான பொம்பளைய என்ன செய்வாக? உம்பேரு சும்மாதானட்டி கெடக்கு."

"கேஸ் போட்டாகன்னா?"

"போடட்டும். நீ அங்கன நல்லா இருக்க. அதக் கெடுத்துக்கிடாத."

"நீ இங்க வரவே முடியாது அக்கா, அப்படிச் சொன்னா. ரேஷன் கார்டு, ஆதாரு, பட்டாசு ஆபீஸ்ல உன் சர்வீஸ் எல்லாமே சந்தேகத்துக்கு வந்துரும்."

"வராட்டிப் போகுது. ஒன்னத்தான் போன்ல பாக்கேன்ல."

அவள் சொன்னதில் ஒரு கொடுமையான வசதி இருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வீடு தப்பிக்கும், வேலை தப்பிக்கும், மேரி தப்பிப்பாள். அன்றைக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன். நாள் முழுக்க யோசித்தேன்.

சாயங்காலம் ஒரு சின்னப் பெண், அவளை அழைத்துப் போக யாரும் வராததால், என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும், "இது எனக்கா?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் அம்மா வந்தாள். வண்டியின் கதவு மூடிய சத்தம் கேட்டதும் அக்கா ஏறிப்போன ஆபீஸ் வண்டி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். "யோசிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். காப்பி போட்டு வந்து வைத்தார்.

எல்லாவற்றையும் எழுதினேன். மாரீஸ்வரி என்பவர் என் அக்கா. பேச்சியம்மாள் நான். அவர் இடத்தில் பள்ளியில் சேர்ந்தவள் நான், முதல் பாஸ்போர்ட்டை வாங்கியவள் நான், இல்லாத மச்சத்தை எழுதியவள் நான். அவர் எதையும் மறைக்கவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். வக்கீல் அம்மாவும் போனில் இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம் என்றார். என்னால் நிறுத்த முடியவில்லை. கிட்டங்கி வாசல் வத்தலையும் எழுதினேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டியவள் நான்தான் என்றும், கண்ணு நோவு என்று ஏமாற்றி அக்காவை அனுப்பிவைத்தேன் என்றும், 'என் அக்காவுக்கு இது இன்றுவரை தெரியாது' என்றும் எழுதினேன். மறுநாள் நோட்டரி முன்னால் நின்றேன். இரண்டு கையெழுத்து கேட்டார், காகிதத்தில் உள்ள பெயரில் ஒன்று, என் சொந்தப் பெயரில் ஒன்று. பேச்சியம்மாள் என்று நான் அதுவரை கையெழுத்தே போட்டதில்லை. பிள்ளைகள் எழுதுகிற மாதிரி எழுத்து எழுத்தாக எழுதினேன். அன்றைக்கே அதைப் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு அனுப்பினேன்.

அக்காவுக்குப் போன் பண்ணி, "பாஸ்போர்ட் ஆபீஸ் விசாரணைல உன் பேரு மாரீஸ்வரின்னே சொல்லு. என் பேரு சும்மா கெடக்கல, அது எனக்கு வேணும்" என்றேன். வத்தல் விஷயத்தைச் சொல்லத் தைரியம் இல்லை. அதிகாரி படித்துக் காட்டும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான்.

7

விசாரணை நாளன்று அக்கா காலையிலேயே போய்விட்டாள். எனக்கு அது முந்தின நாள் இரவு, தூக்கம் வரவில்லை. எனக்கு விடிந்தும் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கண்டிப்பாக வத்தலைப் பற்றித் தெரிந்துவிட்டது, இனி என்னோடு பேச மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். பள்ளிக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது போன் அடித்தது.

"இப்பத்தான்டி பஸ்ஸ விட்டு எறங்குதேன். போன்ல சார்ஜ் இல்ல, கடைல போட்டுப் பேசுதேன்."

"என்ன அக்கா ஆச்சு?"

"அந்த ஆபீசரு நல்ல மனுசன். இங்கிலீசுல நீ எழுதுனதத் தமிழ்ல ஒவ்வொரு வரியாச் சொன்னாரு. முழுசையும் சொல்லி முடிச்சுட்டு, 'இம்புட்டும் உண்மையாம்மா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணு மட்டும் தப்பு சார்னு சொன்னேன்."

"எது தப்பு?"

"எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, அது."

பூட்டப்போன கதவைத் திறந்து திரும்ப உள்ளே போனேன்; அக்கா பேசிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு நோவுன்னா கண்ணுதான் செகப்பாகும். உங்கை ஏன்டி செகப்பா இருந்துச்சு? நகக்கண்ணெல்லாம் வத்தல் விதை. அம்மா பாத்தா தோல உரிச்சிருப்பா. ஏஜெண்டு பாத்தா ஒன்னய இழுத்து வண்டில போட்டிருப்பாரு. அதான் ஒரு குடம் தண்ணியும் ஊத்தி ஒங்கையத் தேச்சுக் கழுவுனேன். கண்ண இல்லடி, கையத்தான் கழுவுனேன். வண்டி ஆரன் அடிச்சுட்டுக் கெடக்கு."

"தெரிஞ்சா... ஏங்க்கா வண்டில ஏறுன?"

"கண்ணுல வத்தலத் தேச்சுக்கிடுற அளவுக்குப் பயந்து கெடந்தியேடி. நான் அம்புட்டுப் பயப்படல." கடைக்காரர் ஏதோ கேட்க, "இந்தா முடிச்சிட்டேன்ணே" என்றாள். "பாஸ்போர்ட்டு வந்துருமாம். ஆனா நீ எழுதுனதுல அந்த ஒரு வரியத் திருத்தி, திரும்பக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். தப்பான வரிய வச்சுக்கிட்டு ஃபைல முடிக்க மாட்டாகளாம். சீக்கிரம் அனுப்பு. சரி, வச்சிருதேன்."

நான் அனுப்பியதன் நகல் இங்குள்ள குடிவரவு அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரால் 'பேச்சி' என்று சொல்ல முடிகிறது, கஷ்டம் ஒன்றுமில்லை.

நோட்டரியிடம் நாளைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும். 'என் அக்காவுக்கு இது இன்றுவரை தெரியாது' என்பதை அடித்துவிட்டு, 'என் அக்காவுக்கு அன்றைக்கே தெரியும்' என்று எழுத வேண்டும். மூன்று நாளாக உட்கார்கிறேன், இன்னும் எழுதி முடிக்கவில்லை.